தரையில் படுக்கும் பழைய பிக்அப்: காற்றை நிரப்பும் முன் 'ஓடும் உயரத்தை' முடிவு செய்யுங்கள்!

ஒரு பழைய ஷெவர்லே பிக்அப் மெதுவாக வந்து நிற்கிறது. 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சில நொடிகளில் வண்டி அப்படியே கீழே இறங்கி, ரன்னிங் போர்டு தரையைத் தொடும் அளவுக்குப் படுத்துவிடுகிறது. ரீல்ஸில் இப்படி ஒரு வீடியோவையாவது பார்க்காத வண்டிப் பிரியர்கள் குறைவு. கமென்ட்டில் ஃபயர் எமோஜி கொட்டும். 'இதை எப்படிச் செய்யறாங்க?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லலாம். ஆனா அந்த வீடியோவில் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதே வண்டி மறுபடி எழுந்து, ஹைவேயில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது எப்படி நடந்துகொள்ளும்? திடீரென்று பிரேக் போட்டால் நேராக நிற்குமா?

இந்தக் கட்டுரையின் கருத்து இதுதான்: ஃபிரேம் மாற்றிய பழைய பிக்அப்பில் ஏர் சஸ்பென்ஷன் போடுவதில் தப்பே இல்லை. சரியாகச் செய்தால் பிக்அப்புக்கு அது மிகப் பொருத்தமானதும்கூட. தப்பு நடப்பது வரிசையில். வண்டி எவ்வளவு தாழ்வாகப் படுக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்பதைக் கடைசியில் 'பார்த்துக்கலாம்' என்று விடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

முதலில், ஃபிரேமை ஏன் மாற்றுகிறார்கள்?

அமெரிக்காவில் ரொம்பப் பிரபலமான ஒரு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஷெவர்லே 3100. 1947 முதல் 1955 வரை வந்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையின் அரை டன் பிக்அப். உருண்டையான முகம், அகலமான மட்கார்டு. இன்றைக்கும் பார்த்தால் நின்று பார்க்க வைக்கும் அழகு.

ஆனா அடியில் இருப்பது அந்தக் காலத்துத் தொழில்நுட்பம். முன்னால் ஒரே துண்டு 'ஐ-பீம்' ஆக்சில், நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், நான்கு பக்கமும் டிரம் பிரேக். ஆரம்ப வருஷங்களில் என்ஜின் சுமார் 90 குதிரைத்திறன்தான். அன்றைய கிராமத்துச் சாலைக்கும் அன்றைய வேகத்துக்கும் அது போதும். இன்றைய இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைக்குப் போதாது.

அதனால் பலர் கேபினையும் பின் தொட்டியையும் கழற்றி, அடியில் இருக்கும் சட்டகத்தையே மாற்றிவிடுகிறார்கள். இதற்கு அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவது ஷெவர்லே எஸ்-10. 1982 மாடலில் தொடங்கி 2004 வரை வந்த சின்ன பிக்அப். காரணம், கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. 3100-இன் வீல்பேஸ் 116 அங்குலம். நீளத் தொட்டி கொண்ட எஸ்-10-இன் வீல்பேஸ் 117.9 அங்குலம். வித்தியாசம் 2 அங்குலத்துக்கும் கம்மி. கூடவே, டூ-வீல் டிரைவ் எஸ்-10 ஃபிரேமில் முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன், முன் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங் எல்லாம் வந்துவிடும். உதிரிபாகமும் எளிதாகக் கிடைக்கும்.

கேட்க ரொம்ப எளிதாக இருக்கிறது இல்லையா? 'பாடியைத் தூக்கி வச்சா முடிஞ்சது' என்று நினைக்கத் தோன்றும். முடியாது. எஸ்-10 சக்கரங்களின் இடைவெளி குறுகலானது. அதனால் 3100-இன் அகன்ற மட்கார்டுக்குள் டயர் உள்வாங்கித் தெரியும். வீல் தேர்வை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பாடியைத் தாங்கும் மவுன்ட்களைப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய வண்டியில் பிரேக் பெடல் தரை வழியாக இறங்கும், மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கும். புது ஃபிரேமில் அதற்கு இடமே இருக்காது. பெடல், பிரேக் லைன், ஸ்டீயரிங் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

இவ்வளவு வேலைக்கு நடுவில்தான் காற்றுப் பை உள்ளே வருகிறது.

காற்றுப் பை எப்படி வேலை செய்கிறது?

விபத்தில் விரியும் ஏர்பேக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஸ்பிரிங்குக்குப் பதிலாக உட்காரும் தடித்த ரப்பர் பை. கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கும். வால்வு திறந்தால் டேங்கிலிருந்து பைக்குக் காற்று போகும், வண்டி உயரும். காற்றை வெளியே விட்டால் இறங்கும். இரவு நேர ஆம்னி பஸ் நிற்கும்போது வரும் 'புஸ்' சத்தத்தில் ஒரு பங்கு இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கணக்கும் கஷ்டமில்லை. பை தாங்கும் எடை என்பது, காற்றழுத்தத்தைப் பையின் செயல்படும் பரப்பால் பெருக்கினால் வருவது. செயல்படும் விட்டம் 6 அங்குலம் என்றால் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது சுமார் 1,400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 640 கிலோ தாங்கும்.

ஆனா பை சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருவதில்லை. முன்பக்கத்தில் அது கன்ட்ரோல் ஆர்மின் நடுவில் எங்கோ உட்காரும். சரியாகப் பாதி தூரத்தில் வைத்தால், அந்த 640 கிலோ சக்கரத்தில் 320 கிலோவாகத்தான் வேலை செய்யும். ஆக, பிராக்கெட்டை 2 அங்குலம் தள்ளி வெல்டிங் வைப்பது 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' வகை விஷயம் இல்லை. அது வண்டியின் குணத்தையே மாற்றும்.

இன்னொன்று. அழுத்தம் வேறு, உயரம் வேறு. தனியாக ஓட்டும்போது 60 பி.எஸ்.ஐ.யில் சரியான உயரத்தில் நிற்கும் வண்டி, தொட்டியில் 300 கிலோ ஏற்றினால் அதே 60 பி.எஸ்.ஐ.க்குக் காற்றை அட்ஜஸ்ட் செய்தாலும் தாழ்ந்துதான் நிற்கும். மீட்டரில் எண் சரியாக இருக்கிறது என்று நம்பி ஓட்டினால், சஸ்பென்ஷனுக்கு அசைய இடமே இருக்காது. அதனால்தான் அழுத்தத்தை மட்டும் காட்டும் சிஸ்டத்தைவிட, உயரத்தை அளக்கும் சென்ஸார் உள்ள சிஸ்டம் பிக்அப்புக்கு நல்லது.

பஸ்ஸில் ஜெயித்தது, காரில் தோற்றது

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பஸ்களில் ஏர் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. 1954-இல் கிரேஹவுண்ட் நிறுவனத்துக்காக வந்த 'சீனிக்ரூசர்' பஸ்ஸிலும் அது இருந்தது. பஸ் உலகம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

அதே நிறுவனம் 1957-இல் காடிலாக் எல்டொராடோ ப்ரோகம் என்ற விலை உயர்ந்த காரில் ஏர் சஸ்பென்ஷனைக் கொடுத்தது. 1958-இல் ஷெவர்லே கார்களிலும் 'லெவல் ஏர்' என்ற பெயரில் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. கசிவுத் தொல்லை வாட்டியது. காடிலாக் உரிமையாளர்கள் பலர் பின்னாளில் காற்றைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். லெவல் ஏரும் சீக்கிரமே மறைந்துபோனது.

ஏன் இந்த வித்தியாசம்? பஸ்ஸில் சுமை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். காலியாகவும் ஓடும், நிரம்பியும் ஓடும். அதற்குக் காற்று ஒரு உண்மையான தீர்வு. பிரேக்குக்காக ஏற்கனவே கம்ப்ரஸரும் டேங்கும் இருக்கும். டிப்போவில் தினமும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். காரில் இந்த மூன்றும் இல்லை.

பிக்அப் இதில் எந்தப் பக்கம்? சுமை மாறும் வண்டி என்பதால் பஸ்ஸின் பக்கம். தினமும் பராமரிக்க ஆள் இல்லை என்பதால் காரின் பக்கம். எனவே காற்றுப் பை அதற்குப் பொருந்தும், ஆனால் பராமரிப்பை ஏற்றுக்கொள்கிறவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

தாழ்வாக ஓட்ட ஏன் இவ்வளவு ஆசை?

இது வெறும் ஸ்டைல் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் வளர்த்த 'லோரைடர்' கலாசாரத்தில் வண்டியைத் தாழ்த்துவது ஒரு அடையாளம். 1958-இல் அந்த மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது: சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது. 1959-இல் ரான் அகிர்ரே என்ற இளைஞர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தி, வேண்டும்போது உயர்த்தவும் தாழ்த்தவும் வழி செய்தார். நிற்கும்போது தாழ்வு, ஓடும்போது சட்ட உயரம்! இன்றைய ஏர் சஸ்பென்ஷன் பிக்அப் அதே யோசனையின் தொடர்ச்சி. அந்த விதி லோரைடர் சமூகத்தைக் குறிவைத்தது என்ற விமர்சனம் பல காலம் இருந்தது. 2023-இல் கையெழுத்தான ஏ.பி. 436 சட்டம் அதை நீக்கியது.

விதியின் அரசியலை நான் ஆதரிக்கவில்லை. நீக்கியது சரிதான். ஆனா அதில் ஒளிந்திருந்த இன்ஜினீயரிங் அளவுகோலை மட்டும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஓடும்போது ஒரு டயர் வெடித்தோ, காற்றுப் பை கிழிந்தோ போனால், ரிம் தரையில் உருளும் நிலையிலும் ஃபிரேமோ, ஸ்டீயரிங் பாகமோ, பிரேக் லைனோ, பெட்ரோல் டேங்கோ ரோட்டில் உரசக் கூடாது. போலீஸ் பார்க்கிறதோ இல்லையோ, ஓடும் உயரத்தில் இந்தக் கணக்கு நின்றாக வேண்டும்.

எங்கே பிசகுகிறது?

'முழுசாப் படுக்கணும்' என்பதையே குறிக்கோளாக வைத்து வேலை தொடங்கினால் வரும் பிரச்சினைகளைப் பாருங்கள்.

முன்பக்கம்: எஸ்-10-இல் ஷாக் அப்சார்பர் காயில் ஸ்பிரிங்கின் நடுவே போகும். அந்த இடத்தில் பை உட்கார்ந்தால் ஷாக்குக்கு வேறு இடம் தேட வேண்டும். சிலர் 'பையே மெத்தென்று இருக்கே' என்று ஷாக்கைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். பை எடையைத் தாங்கும், துள்ளலை அடக்காது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் வண்டி குதித்துக்கொண்டே போகும். குதிக்கும் டயருக்கு பிரேக் பிடிக்காது.

வண்டி தாழத் தாழ சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும். ஸ்டீயரிங் ராடின் கோணமும் மாறும். கோணம் தப்பினால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பப் பார்க்கும். வீல் அலைன்மென்ட் ஒரு உயரத்துக்குத்தான் சரியாக இருக்கும். அந்த உயரம் எது என்று முதலில் முடிவாகவில்லை என்றால், எந்த அலைன்மென்ட்டும் பிரயோஜனம் இல்லை.

பின்பக்கம்: லீஃப் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்குவதில்லை. ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல், சுழலாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். அதைக் கழற்றினால் அந்த வேலையைச் செய்ய நான்கு இணைப்புத் தண்டுகள் வேண்டும். தண்டுகள் இணையாக இருந்தால், பக்கவாட்டில் நகராமல் தடுக்க இன்னொரு தண்டும் வேண்டும். இதில் கோணம் தப்பினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

வண்டி படுக்கும்போது ஆக்சில் மேலே வந்து ஃபிரேமில் இடிக்கும். அதற்காக ஆக்சிலுக்கு மேலே ஃபிரேமை வெட்டி வளைவாக இடம் விடுவார்கள். 'சி-நாட்ச்' என்று பெயர். வீட்டு உத்தரத்தின் நடுவில் பாதியை வெட்டியெடுப்பது மாதிரி இது. சட்டத்தின் உயரம் குறைந்தால், வளைவைத் தாங்கும் வலிமை அதைவிட வேகமாகக் குறையும். வெட்டிய இடத்தைத் தடித்த தகட்டால் முழுமையாக வலுப்படுத்தாவிட்டால் விரிசல் இன்று வராது. ஒரு நாள் சுமையோடு போகும்போது வரும்.

இங்கே இன்னொரு முரணும் இருக்கிறது. ஆக்சிலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடம் விட, தொட்டியின் தரையை வெட்டியோ உயர்த்தியோ ஆக வேண்டும். கம்ப்ரஸரும் டேங்கும் அங்கேயே வந்து உட்காரும். கடைசியில் சுமை ஏற்றப் பிறந்த வண்டியில் ஒரு மூட்டை வைக்க இடம் இருக்காது. பிக்அப்புக்குக் காற்று ஏன் பொருந்தும் என்று சொன்னோமோ, அந்தக் காரணமே காலி!

அப்போ சரியான வரிசை என்ன?

1. பேப்பர்: ஃபிரேம் தரும் வண்டியின் உரிமைச் சான்றையும், பழைய வண்டியின் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியை எந்த அடையாளத்தில் பதிவு செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வண்டியின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அங்கே மத்திய சட்டப்படி குற்றம். வெல்டிங்குக்கு முன்னாலேயே விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

2. ஃபிரேம்: துரு, விரிசல், வளைவு பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

3. ஓடும் உயரம்: போடப்போகும் வீலையும் டயரையும் முதலில் வாங்குங்கள். ஃபிரேமை ஓடும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரம் மேலேயும் கீழேயும் அசையப் போதுமான இடம் இருக்க வேண்டும். இனி எல்லா அளவும் இந்த நிலையிலிருந்துதான்.

4. பிரேக், ஸ்டீயரிங்: காற்றுக்கு முன்னால் இவை முடிய வேண்டும்.

5. வெறும் அசைவுச் சோதனை: பை இல்லாமலே ஜாக்கியால் சக்கரங்களைக் கடைசிவரை ஏற்றி இறக்குங்கள். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்றும் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். எது எதில் இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

6. பை, ஷாக்: பை எந்த நிலையிலும் எதிலும் உரசக் கூடாது. ரப்பர் உரசினால் கிழியும். ஓடும் உயரத்தில் ஷாக் தன் பயணத்தின் நடுவாக்கில் இருக்க வேண்டும். மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் கட்டாயம்.

7. காற்றும் கரண்டும்: வெளிநாட்டு லாரிகளின் ஏர் பிரேக்குக்கு அங்கீகரிக்கப்பட்ட தரத்தில் ட்யூப், சூடான சைலன்ஸரிலிருந்து தள்ளி. டேங்கில் சேரும் தண்ணீரை வடிக்க வால்வு. கம்ப்ரஸர் நிறைய கரண்ட் இழுக்கும் என்பதால் தனி ஃபியூஸ், தனி ரிலே.

ஏழாவதில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். ஏனென்றால் கடையில் பெட்டியாகக் கிடைப்பது அதுதான்!

'இவ்வளவு தலைவலி எதுக்கு?'

நியாயமான கேள்வி. சிலர் சொல்வது: 70 வருஷ வண்டியை வெட்டுவதே பாவம், அப்படியே விடுங்கள். முழுசாகவும் அசலாகவும் நிற்கும் வண்டி என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனா துருப்பிடித்து, ஃபிரேம் உளுத்துப்போய், பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கும் கேபினுக்கு வேறு ஃபிரேம் கொடுப்பது பாவம் ஆகாது. அதுவும் ஒரு வகை மறுவாழ்வுதான்.

வேறு சிலர் சொல்வது: உயரம் குறைய வேண்டும் என்றால் சின்ன காயில் ஸ்பிரிங்கும் டிராப் ஸ்பிண்டிலும் போட்டால் போதுமே? உண்மைதான். எப்போதும் ஒரே சுமை, ஒரே உயரம் என்றால் அதுவே மேல். செலவு குறைவு, கசிய எதுவும் இல்லை. 'ஆஃபீஸ் போய் வரணும், அவ்ளோதான்' என்பவருக்கு நான் காற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வார நாளில் சும்மா ஓட்டி, வார இறுதியில் சுமை ஏற்றி, எப்போதாவது கண்காட்சியில் படுக்க வைத்து ரசிக்கிறவருக்குத்தான் அது.

நம்ம ஊரில் செய்யலாமா?

வீடியோவைப் பார்த்துவிட்டு பழைய பிக்அப் தேடக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம். இங்கே சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 50 வருஷம் தாண்டிய கார், டூவீலர்களுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கே.

எனவே, ஃபிரேம் மாற்றி காற்றுப் பை வைத்த பிக்அப் என்பது இப்போதைக்கு நமக்குப் பார்த்து ரசிக்கும் விஷயம்தான். அமெரிக்காவிலோ வேறு எங்காவதோ இருந்துகொண்டு, அங்கே சட்டம் அனுமதிக்கிறது என்றால் மட்டும் கையில் ஸ்பானரை எடுங்கள்.

அப்படி எடுப்பவர்களுக்கும், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைப்பவர்களுக்கும் ஒரே ஒரு யோசனை. 'எவ்வளவு கீழே இறங்கும்?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'ஓடும் உயரம் எத்தனை அங்குலம்? அந்த உயரத்தில் ஒரு பை கிழிந்தால் எது தரையில் உரசும்?' என்று கேளுங்கள். டேப்பை எடுத்து அளந்து பதில் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க' என்று பதில் வந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.